சாகாமத்தில் மறையாத நட்சத்திரம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு நட்சத்திரம் 4.6 செக்கன் மறைந்து போனதை, வீரமுனையில் நின்று, என் இரண்டு கண்ணாலும் கண்டதற்காக. மேடையில் பெரிய பெனர். பெனரில் ஒரு செங்கல் படம். செங்கலைச் சுற்றி ஒளிவட்டம் வேறு! அதற்குக் கீழே, "உலகின் முதலாவது செங்கல் வடிவச் சிறுகோளைக் கண்டறிந்த எமது வானவியல் வட்டத்துக்குப் பாராட்டு விழா" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பொன்னாடை நல்ல சிவப்பு. ஜரிகை கழுத்தைக் குத்தியது. வீட்டுக்கு வந்து கழற்றிக் கதிரையில் போட்டேன். மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க எப்ப வீரமுனைக்குப் போன?"

இந்தப் பத்தியில் வாரா வாரம் ஊர் உலகத்தை எல்லாம் திட்டித் தீர்க்கிற மனுசன், ஒரு கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். தண்ணீர் குடித்தேன். தாகம் ஒன்றும் இருக்கவில்லை.

முதலில் விஷயத்தை விளங்கப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் செங்கல் எங்கிருந்து வந்தது என்று குழம்புவீர்கள்.

வானத்தில் சிறுகோள்கள் என்று கற்கள் சுற்றித் திரிகின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எப்போதாவது அதில் ஒரு கல், ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடந்து போகும். அந்த நேரம் நட்சத்திரம் சில செக்கன்கள் அணைந்து, மறுபடி எரியும். சந்திரனும் இப்படி நட்சத்திரங்களை மறைப்பதுண்டு. ஆனால் சந்திரன் பெரிய ஆள், அது செய்கிற வேலை பாதி உலகத்துக்குத் தெரியும். கல்லின் நிழலோ பூமியில் ஒரு ஒடுங்கிய பட்டியாக மட்டும் விழுந்து ஓடும். பட்டிக்குள் நிற்கிறவனுக்கு நட்சத்திரம் மறையும். வெளியே நிற்கிறவனுக்கு மறையாது.

இதில் என்ன பிரயோசனம்? அந்தக் கல்லை அளந்துவிடலாம்! வத்தகப்பழம், அதுதான் தர்பூசணி, வெட்டுகிற மாதிரி. நிழல் ஓடுகிற வழிக்குக் குறுக்கே ஊருக்கு ஒரு ஆளை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஆளும் எத்தனை செக்கன் மறைந்தது என்று குறிக்க வேண்டும். நடுவில் நிற்கிறவனுக்குக் கூடிய நேரம், ஓரத்தில் நிற்கிறவனுக்குக் குறைந்த நேரம். பழத்தின் நடுத்துண்டு பெரிது, கடைசித் துண்டு சிறிது அல்லவா? எல்லாத் துண்டையும் அடுக்கினால் பழத்தின் உருவம் வந்துவிடும். ஒருவனுக்கு மறையவே இல்லையா? அதுவும் நல்லது. பழம் அவனுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவனுடைய "இல்லை"யும் ஒரு அளவுதான்.

உலகம் முழுக்க இதை ஆசைக்காகச் செய்கிற ஆக்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. தனியாக ஒரு வயல் வரம்பில் நின்று, நுளம்புக் கடி வாங்கி, கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்புவார்கள். வெளிநாட்டில் ஒருவர் அவற்றைச் சேர்த்து உருவம் வரைவார்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை. ஆக்கள் பிரிந்து நிற்க வேண்டும்.

பிரிவதற்கு எங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தால் அடுத்த வருடம் இரண்டு இருக்கும். ஒரு கட்சிக் கிளை இருந்தால் மூன்று. ஆனால் பாருங்கள்... சோறு என்று வந்துவிட்டால் மட்டும் எங்களைப் பிரிக்க எவனாலும் ஏலாது.

எங்கள் வட்டத்தில் பதின்மூன்று பேர். பன்னிரண்டு ஆண்கள், ஒரு பெண். தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவர் வானத்தை அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை — கழுத்து நோகுமாம். ஆனால் வானவியல் வட்டத்தின் டெலஸ்கோப் அவருடைய வீட்டு மண்டபத்தில்தான் நிற்கிறது. வெளிநாட்டில் உழைக்கிற நம்மூர்ப் பிள்ளை ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அனுப்பிய டெலஸ்கோப் அது. பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில், லேஸ் துணி போர்த்தி வைத்திருக்கிறார். மூடி இன்னும் கழற்றப்படவில்லை.

நான் பிரசாரச் செயலாளர். எழுதத் தெரிந்தவன் என்று கொடுத்தார்கள். எழுதத் தெரிந்தவனுக்குப் பார்க்கவும் தெரியும் என்று நினைத்தார்கள் போல.

அந்த ஒரு பெண் றிஸ்வியா டீச்சர். சம்மாந்துறையில் பெண்பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறார். கணவர் ஜௌபர் அரிசி ஆலையில் மெஷின் பார்க்கிறவர். டெலஸ்கோப் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று கொமிட்டியில் எப்போதோ தீர்மானித்தாயிற்று. தீர்மானித்தது தீர்மானித்தபடியே கிடந்தது.

மருதமுனை தொடங்கித் தெற்கே சாகாமம் வரை, பதின்மூன்று பேருக்கும் பதின்மூன்று இடம் பிரித்தோம். ஆளுக்கு ஒரு பைனாகுலர், ஒரு ஸ்டொப் வோச், இடத்தின் பெயர் அச்சடித்த ஒரு படிவம். எனக்கு வீரமுனை. சாகாமக் குளக்கட்டுக்கு யாரும் கை தூக்கவில்லை. யானை வரும் இடம் அல்லவா? ஆகவே பன்னிரண்டு ஆம்பிளைகளும் ஏகமனதாக அதை டீச்சருக்குக் கொடுத்தோம். என்ன வீரம்!

நிகழ்வு மாலை ஏழு இருபதுக்கு. மஃரிப் தொழுதுவிட்டுப் போய் நிற்கலாம், இஷாத் தொழுகைக்கு வீடு வந்து சேரலாம். மனிதனுக்கு இவ்வளவு வசதியாக எந்தக் கல்லும் எந்த நட்சத்திரத்தையும் மறைத்திருக்காது. அதிலும் தலைவருக்கு ஒரு குறை இருந்தது. மூன்று நாளைக்கு முன் எங்களைக் கூப்பிட்டார்.

"பிரதம அதிதி ஒராள் வாறாரு. பதின்மூண்டு பேரும் பதின்மூண்டு ஊர்ல நிண்டா, வாற பெரிய மனுசன் ஆரப் பாக்கிற? என்னய மட்டுமா பாக்கிற?"

தலைவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அதோட சாப்பாடும் சொல்லியாச்சி. சஹன்! ஒரு சஹனுக்கு ஆறு பேர். நாம பன்னெண்டு பேர், ரெண்டு சஹன். கச்சிதம். நீங்க ஆளுக்கொரு ஊர்ல நிண்டா நான் என்ன, சஹன வெட்டிப் பார்சல் கட்டியா அனுப்புற?"

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய தட்டு. நடுவில் புரியாணி, மேலே கோழி, ஆடு. சுற்றி ஆறு பேர் பாயில் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நல்ல வழக்கம். அதில் பெரியவன் சின்னவன் கிடையாது. ஆனால் ஒன்று — மற்றவர்கள் சாப்பிட்டு முடியும் வரை இடையில் எழும்புவது மரியாதை இல்லை.

"அப்ப நட்சத்திரம்?" என்று ஹார்ட்வெயார் கடை முதலாளி மெதுவாகக் கேட்டார். எங்களில் கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான், அதற்காக அவரை மெச்சுகிறேன்.

"நட்சத்திரம் எல்லா ஊருக்கும் ஒண்டுதானே, மச்சான். கடற்கரையில நிண்டு பாத்தா என்ன, காரைதீவுல நிண்டு பாத்தா என்ன?"

தலைவர் கேட்ட இந்தக் கேள்வியில்தான் அந்த முழுக் கலையும் செத்துப் போனது. எனக்கு அது விளங்கியது. விளங்கியும் என் நினைவு போனது ஆட்டிறைச்சிக்கு. பன்னிரண்டு பேரும் தலையாட்டினோம்.

பதின்மூன்றாவது ஆள்? ஒரு பெண்ணுக்குத் தனிச் சஹன் வைக்க முடியுமா? எங்களோடு இருத்தத்தான் முடியுமா? ஆகவே அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. சொன்ன இடத்தில் அவர் மட்டும் நின்றதற்கு அதுதான் காரணம் என்று நான் பிறகு பலநாள் எனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அன்று கல்முனைக் கடற்கரையில் மேடை. மேடைக்கு மேலே நான்கு பெரிய ஃபோகஸ் லைட். மணலில் ஊசி விழுந்தால் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். நட்சத்திரம் பார்க்கப் போகிற இடத்தில் லைட் போடுகிற ஒரே சனம் நாங்கள்தான். பிரதம அதிதி வரவில்லை. ஏழு மணியாயிற்று. சோறு ஆறத் தொடங்கியது.

"இரிங்க, இரிங்க. பிஸ்மில்லா சொல்லித் தொடங்குங்க. நேரம் வரக்குள்ள நான் சொல்றன்" என்றார் தலைவர். அவருக்கு சீனி வருத்தம், பிறகு தனியாகச் சாப்பிடுவாராம். ஆகவே ஒரு சஹனில் ஐந்து பேராகிப் போனது. அந்த ஐவரில் நானும் ஒருவன் என்பதால் நான் அதைப் பெரிய குறையாக எடுக்கவில்லை.

ஏழு இருபது. காட்சியைச் சொல்கிறேன், மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தலைவர் மேடையில் நிற்கிறார். வானத்துக்கு முதுகு. எங்களுக்கு முகம். ஒரு கையில் மைக், மற்றக் கையில் போன். கண் போனில் ஓடுகிற மணிக்கூட்டில். கீழே பதினொரு பேர் சஹனைச் சுற்றிக் குனிந்திருக்கிறோம். என் இடது கையில் பைனாகுலர். வலது கை சஹனில். பைனாகுலரை ஒற்றைக் கையால் தூக்கி, கண்ணில் பட்ட ஒரு நல்ல பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பிடித்தேன்...

"மாஷா அல்லாஹ், மறைஞ்சிட்டு! மறைஞ்சிட்டு!"

ஸ்பீக்கர் அதிர்ந்தது. என் கையும் அதிர்ந்தது. நட்சத்திரம் பைனாகுலரை விட்டு எங்கேயோ ஓடியது. ஹார்ட்வெயார் முதலாளி வாய் நிறையச் சோற்றோடு "ஓம், ஓம்" என்றார். மற்றவர்கள் அண்ணாந்தார்கள். லைட் வெளிச்சத்தில், ஓரிரண்டு பிரகாசமானவை தவிர, வானமே கறுப்பாக இருந்தது. அதில் ஒரு நட்சத்திரம் இல்லை என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? எல்லாருமே "ஓம்" என்றோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்க்க வேண்டியிருந்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரியாதது. நான் பிடித்ததோ பைனாகுலர் இல்லாமலே தெரிகிற ஒன்று. அதாவது, நான் பார்க்காத நட்சத்திரம் மறைந்ததை நான் கண்டிருக்கிறேன்!

எட்டு மணிக்குப் பிரதம அதிதி வந்தார். நடந்ததைத் தலைவர் விவரித்தார். அவர் மிகுந்த ஏமாற்றத்தோடு கேட்டார்: "இன்னொருக்கா மறையாதா?"

பிறகு படிவம் நிரப்பினோம். "இடம் அடிச்சித்தானே இரிக்கு, நேரத்த மட்டும் எழுதுங்க" என்றார் தலைவர். ஆகக் கூடினால் 4.6 செக்கன் மறையும் என்று வெளிநாட்டில் இருந்து முன்கூட்டியே கணித்து அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் 4.6 எழுதினோம். ஹார்ட்வெயார் முதலாளி மட்டும் 5 என்று எழுதினார். "கட்டுப்பாடு வேணும்" என்று தலைவரே அதை வெட்டித் திருத்தினார்.

என் கையெழுத்து எப்போதும் அழகு. "வீரமுனை" என்ற அச்செழுத்துக்குக் கீழே அழகாகக் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வட்ஸ்அப்பில் ஒரு படம். றிஸ்வியா டீச்சரின் படிவம். "சாகாமக் குளக்கட்டு. ஏழு பத்து முதல் ஏழரை வரை பார்த்தேன். வானம் தெளிவு. நட்சத்திரம் மறையவில்லை."

குரூப்பில் பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. காலை வணக்கம், ரோசாப்பூ, ஜும்ஆ முபாரக் என்று நாள் முழுக்க அனுப்புகிற கூட்டம் அது.

மறுநாள் தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம். டீச்சருக்கு அழைப்பில்லை.

"பன்னெண்டு பேர் மறைஞ்ச எண்டு சொல்லக்குள்ள ஒராள் மறையல்ல எண்டா, வெளிநாட்டுக்காரன் என்ன நெனப்பான்? பாக்கத் தெரியாத ஊர் எண்டு நெனப்பான்." என் பக்கம் திரும்பினார். "எழுத்தாளர் போய்க் கதைங்க. ஒரு சொல்லுத்தானே, மாத்தச் சொல்லுங்க. மாத்தினா டெலஸ்கோப் வாற கிழமையே ஸ்கூலுக்கு. இல்லாட்டி... பொறகு பாப்பம் எண்டு சொல்லுங்க."

போனேனா? போனேன்! ஒரு பெண்பிள்ளையிடம் போய், கண்டதைக் காணவில்லை என்றும் காணாததைக் கண்டேன் என்றும் எழுது என்று சொல்ல, வெள்ளைச் சேட் போட்டு அத்தர் பூசிக்கொண்டு போனேன்.

டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். "வாங்க, நானா" என்று, சொந்த அண்ணனை வரவேற்கிற மாதிரி வரவேற்றார். ஜௌபர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் வந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். டெலஸ்கோப் பற்றியும் சொன்னேன். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது.

டீச்சர் எழும்பிப் போய் ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே நீலத் துணியில் தைத்த ஒரு உறை. நீளமாக, வாயில் நாடா போட்டு.

"டெலஸ்கோப்புக்குத் தூசி படக் கூடா எண்டு புள்ளயள் தச்ச, நானா. இதோட மூணு தவண முடிஞ்சிட்டு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் 'எப்ப வரும் டீச்சர்' எண்டு கேக்குதுகள்."

"அதுக்குத்தானே சொல்றன், புள்ள. ஒரு சொல்லு..."

"இருவது நிமிசமும் கண்ண எடுக்காமப் பாத்தன். கண்ணால தண்ணி ஓடிச்சி. இவர் பக்கத்தில டோர்ச்சோட, யான வருதா எண்டு பாத்துக்கிட்டு நிண்டாரு. அது மறையல்ல. மறையாதத மறைஞ்ச எண்டு எழுதி டெலஸ்கோப்ப வாங்கி, மறுகா அதுக்குள்ளால என்னத்தப் பாருங்க எண்டு அந்தப் புள்ளயளுக்குச் சொல்ற?"

தேத்தண்ணியைக் குடித்தேன்.

"அது சரி, நானா... நீங்க வீரமுனையில எங்க நிண்ட?"

"கோயிலடியில" என்றேன். சட்டென்று வந்தது. பொய்க்கு எழுத்தாளன் யோசிக்கத் தேவையில்லை.

டீச்சர் ஜௌபரைப் பார்த்தார். ஜௌபர் தரையைப் பார்த்தார்.

"வீரமுனையில எங்கட தவமணி டீச்சர் இரிக்கிறா. என்னோட படிப்பிக்கிற. நீங்க தனிய வாறீங்க எண்டு அவவிட்டச் சொல்லி வெச்சிருந்த. முத்தத்தில கதிர போட்டு, தேத்தண்ணி வெச்சி, லைட்ட அணச்சிட்டு இருந்தாவாம். வெளிச்சம் கூடா எண்டு பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி... அந்தத் தெரு முழுக்க, எட்டு மணி மட்டும் இருட்டுல இருந்தாங்களாம், நானா. உங்களுக்காக."

அல்லாஹ்வே! டீச்சர் வீட்டுக் கதிரையில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது. என்னைத் தெரியாத ஒரு தெருச் சனம், வேற்றூர் மனுசன் ஒருவன் வந்து வானத்தைப் பார்க்கப் போகிறான் என்று, தங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு இருந்திருக்கிறார்கள். அந்த நேரம் நான் நாலு ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே எலும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "நான் கொஞ்சம் அங்கால தள்ளி நிண்ட" என்றேன். டீச்சர் கொப்பிகளை மூடிவிட்டு எழும்பினார். வாசல் வரை வந்து "பாத்துப் போங்க, நானா" என்றார்.

அவர் சொல்லை மாற்றவில்லை. தலைவர் எங்கள் பன்னிரண்டு படிவத்தை மட்டும் அனுப்பினார். டீச்சர் தன்னுடையதைத் தானே அனுப்பினார்.

சில வாரங்களில், பதிவுகளைச் சேர்த்து உருவம் வரைகிற அந்த வெளிநாட்டுக்காரரிடமிருந்து வட்டத்துக்கு ஈமெயில் வந்தது. தலைவர் என்னிடம் தந்து தமிழில் சொல்லச் சொன்னார். மிகவும் பணிவான கடிதம். "உங்கள் பன்னிரண்டு பதிவுகளும் ஒரே கால அளவைக் காட்டுகின்றன. அப்படியானால் இந்தச் சிறுகோள் ஒரு செங்கலைப் போல நேரான விளிம்புகள் கொண்டது. என் அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. தயவுசெய்து ஒரு தடவை சரிபார்ப்பீர்களா?"

தலைவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"கண்டதே இல்லையாம்! அவன்ட அனுபவத்துக்கே கண்டதில்லையாம்! விளங்குதா? நாமதான் முதல்ல கண்டிரிக்கிறம்!"

அந்தக் கடைசி வரி? அதை நான் இரண்டாம் தரமும் வாசித்துக் காட்டினேன். "அது சும்மா மரியாதைக்கு எழுதுற" என்றார்.

கடிதத்துக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருப்பது எனக்கு விளங்கியது. வத்தகப்பழம் வெட்டிய எவனுக்கும் விளங்கும். விளங்கியும் என்ன செய்தேன்? உட்கார்ந்து பத்திரிகைக் குறிப்பு எழுதினேன். "கிழக்கின் மைந்தர்கள் கண்ட செங்கல் கோள்" என்று தலைப்பும் போட்டேன். எதுகை மோனை எல்லாம் நன்றாக வந்தது.

அதன் பலன்தான் ஞாயிற்றுக்கிழமை விழா. டெலஸ்கோப்பையும் மேடைக்குத் தூக்கி வந்தார்கள், சோடனைக்கு. மூடி கழற்றாமல். அதற்கும் ஒரு பூமாலை. விழா முடிந்து அது மறுபடி தலைவரின் வேனில் ஏறி அவர் வீட்டு மண்டபத்துக்குப் போனது.

மனைவியின் கேள்வியோடு குசினியில் நின்றவன், டீச்சருக்குப் போன் எடுத்தேன். செங்கல் விழாவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் ஏதும் கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"வந்திச்சி, நானா. இந்தப் பகுதியில இருந்து வந்ததில பாவிக்க ஏலுமான பதிவு என்ட ஒண்டுதானாம். நிழல் சாகாமத்துக்கு வரல்ல, அதால தெற்கால எங்க முடியுது எண்டு தெரியுதாம். பட்டியல்ல பேர் போட்டிரிக்கி. வடக்கால நிண்ட ஆக்கள் உண்மையா நிண்டாங்களா எண்டும் என்னட்டக் கேட்டிருந்தாரு."

"என்ன எழுதின நீங்க?"

"எனக்குத் தெரியா எண்டு எழுதின. நான் சாகாமத்திலதானே நிண்ட? நான் காணாதத நான் எப்படி எழுதுற?"

பாருங்கள்! எங்களைக் காட்டிக் கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. காரணம் இரக்கம்கூட இல்லை. அவர் அதைக் காணவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப அந்தச் செங்கல் கத..."

"மரியாதையான ஆக்கள் பொய் எண்டு சொல்ல மாட்டாங்க, நானா. செங்கல் எண்டு சொல்லுவாங்க."

"மாப்புச் செய்யுங்க, புள்ள" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

"என்னட்ட என்னத்துக்கு மாப்பு? போய்த் தவமணி டீச்சர்ட்டக் கேளுங்க. அதுக்கு முன்ன ஒண்டு சொல்லுங்க. அண்டைக்கு நீங்க உண்மையா என்னத்தக் கண்ட?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒண்டும் காணல்ல."

"அப்ப அத எழுதுங்க. கிழம கிழம எழுதுறதானே."

செவ்வாய்க்கிழமை வீரமுனைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தப் படிவத்தில் சொன்ன இடத்தில் நின்றேன். தவமணி டீச்சர் கேற்றைத் திறந்து, யார் என்று கேட்டு, பெயரைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பதான் வாறீங்களோ? நாங்க லைட்டப் போட்டுட்டமே!"

முற்றத்துக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். தேத்தண்ணியும் தந்தார். அவ்வளவு கசப்பான இனிப்புத் தேத்தண்ணியை நான் குடித்ததில்லை.

தலைவர் இதை வாசிப்பார். வட்டத்தில் இருந்து என்னை வெட்டுவார், அவருக்கு வெட்டித் திருத்துவது பழக்கம். வெட்டட்டும். டெலஸ்கோப் இன்னும் பூச்சாடிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சம்மாந்துறையில் அதற்கு ஒரு நீல உறை காத்திருக்கிறது. இதை எழுதி என்ன ஆகப் போகிறது என்று கேட்காதீர்கள், எனக்கு எழுத மட்டும்தான் தெரியும்.

வெளிநாட்டுக் கனவானுக்கு நேற்றுத் திருத்திய படிவம் அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் ஒரு பிரதி.

இடம்: கல்முனைக் கடற்கரை. வீரமுனை அல்ல.

பார்த்த நட்சத்திரம்: வேறொன்று.

மறைந்ததா: காணவில்லை. கை சஹனில் இருந்தது.